கறுப்பு-வெள்ளை பிலிம் ஒளிப்படம்: கலை மாணவர்களுக்கு முதல் ரோலிலிருந்து முதல் பிரிண்ட் வரை

கவின்கலைக் கல்லூரியிலோ விஸ்காம் துறையிலோ முதன்முறையாகப் பிலிம் கேமராவைக் கையில் எடுப்பவர், வழக்கமாகப் படம் எடுப்பதில் தொடங்கி, பிறகு டெவலப் செய்யப் பழகி, கடைசியில் பிரிண்டுக்கு வருகிறார். முதல் சில ரோல்கள் பாழாவதற்கு இந்த வரிசையே பெரும்பாலும் காரணமாகிறது. ரோல் வெறுமையாக வந்து நிற்கும்போது, கோளாறு கேமராவிலா, வெளிச்சத்தை அளந்ததிலா, ரசாயனத்திலா, ரீலில் சுற்றியதிலா என்று பிரித்துச் சொல்ல அவரிடம் எந்த வழியும் இருப்பதில்லை.

ஆகவே இங்கே வரிசை மாற்றித் தரப்பட்டுள்ளது. கைப்பழக்கமும் கருவிச் சோதனையும் முதலில் வருகின்றன. அதன்பின் சோதனை ரோல். அது தெளிவாக வந்த பிறகே 'என் படம்' என்ற பேச்சு. 35 மி.மீ. பிலிமும், தமிழ்நாட்டின் வெயிலும் ஈரக் காற்றும் உள்ள ஓர் அறையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. வெளிநாட்டுக் கையேடுகள் 20 டிகிரி தண்ணீர் குழாயில் வருவதாக எண்ணிக்கொண்டு எழுதப்பட்டவை என்பதால், அவற்றை அப்படியே பின்பற்றுபவர் இங்கே சில இடங்களில் இடறி விழுகிறார்.

1. வாங்கும் முன் முடிவு செய்யவேண்டியவை

ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒரு வகைப் பிலிம், ஒரு டெவலப்பர் (பிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொணரும் ரசாயனம்). முதல் பருவம் முழுவதும் இவற்றை மாற்றக் கூடாது. ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு புதுப் பிலிமை முயன்று பார்க்கும் ஆசை இயல்பானதுதான். ஆனால் இரண்டு பொருள்கள் ஒரே நேரத்தில் மாறினால், விளைவில் தெரியும் வேறுபாட்டுக்கு எது காரணம் என்று ஒருநாளும் தெரியாது.

பிலிமுக்கு இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் போன்ற 400 ஐஎஸ்ஓ பிலிம் போதும் (ஐஎஸ்ஓ என்பது பிலிமின் ஒளியுணர்வைக் காட்டும் எண்). ஒரு ஸ்டாப் (அதாவது ஒளி இரு மடங்காகவோ பாதியாகவோ) கூடக்குறைய எடுத்தாலும் அது தாங்கிக்கொள்ளும். வகுப்பறையின் மங்கலான வெளிச்சத்திலும் கையில் பிடித்தே படம் எடுக்கலாம். 125 ஐஎஸ்ஓ எஃப்பி4 பிளஸ் இன்னும் நுண்மையானது என்றாலும், மாலை ஐந்தரை மணிக்குப் பிறகு தொடக்கநிலை மாணவரைக் கைவிட்டுவிடும். கென்ட்மியர், ஃபோமாபான் போன்றவை விலை குறைந்தவை; அவற்றில் ஒன்றைத் தேர்ந்தாலும் தவறில்லை, அதிலேயே நின்றால் சரி.

இரண்டு எச்சரிக்கைகள். எக்ஸ்பி2 சூப்பர் என்ற இல்ஃபோர்டு பிலிம் கறுப்பு-வெள்ளைப் படமே தரும் என்றாலும், கலர் நெகட்டிவுக்குரிய சி-41 முறையில் டெவலப் செய்யவேண்டியது. பெட்டியைச் சரியாகப் படிக்காமல் வாங்கிவந்து சாதாரண டெவலப்பரில் போடுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கலாம். அடுத்தது, பழைய ஸ்டுடியோக்களில் கிடைக்கும் காலாவதியான பிலிம். ஊட்டியில் ஒருகாலத்தில் தயாரான 'இந்து' ரோல் எங்கேனும் கிடைத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அலமாரியில் பல கோடைகளைக் கண்ட பிலிம் மூட்டம் கண்டிருக்கும் என்பதால், அதை மூன்றாம் படியில் வரும் ரீல் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்தவேண்டும்.

டெவலப்பருக்கு இல்ஃபோர்டு ஐடி-11 அல்லது கோடாக் டி-76. இரண்டும் தூளாக வருபவை. ஒரு லிட்டர் பொட்டலத்தில் பாதியைக் கரைத்து மீதியை வைத்துக்கொள்வது கூடாது. தூளிலுள்ள பொருள்கள் பொட்டலத்துக்குள் சீராகக் கலந்திருப்பதில்லை என்பதால், பாதிப் பொட்டலம் பாதி டெவலப்பர் ஆகாது. உறையில் சொல்லியிருக்கும் சூட்டில் முழுவதையும் கரைத்து, ஆறவைத்து, மறுநாள் பயன்படுத்தவும். கழுத்துவரை நிரம்பிய, இறுக மூடிய புட்டியில் அது ஆறு மாதம் வரை நிற்கும். அரைப்புட்டியில் காற்றுப் பட்டுச் சீக்கிரம் கெட்டுவிடும். எனவே சிறிய புட்டிகள் பலவற்றில் பிரித்து வைப்பது நல்லது.

இவை தவிரத் தேவையானவை: ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசல்), ஃபிக்ஸர் (ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைநிறுத்துவது), ஈரப்படுத்தும் கரைசல், டெவலப்பிங் டேங்க், அதற்குள் பிலிமைச் சுற்றி வைக்கும் ரீல், சேஞ்சிங் பேக் (கை நுழைத்து வேலை செய்யும் ஒளிபுகாப் பை), ஒரு டிகிரி துல்லியமுள்ள வெப்பமானி, மூன்று அளவுக் குடுவைகள், கத்தரிக்கோல், இரண்டு கனமான கிளிப்புகள், நெகட்டிவ் உறைகள், ஒரு நோட்டுப் புத்தகம். ரசாயனத்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி ஹாஸ்டல் ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. பெயரும் கரைத்த தேதியும் எழுதி ஒட்டாத புட்டியை, உள்ளே என்ன இருந்தாலும், கொட்டிவிடுவதே முறை.

2. கேமராவைப் பிலிம் இல்லாமல் சோதித்தல்

பின்கதவைத் திறந்து, லென்ஸை ஜன்னல் பக்கம் காட்டி, ஒவ்வொரு ஷட்டர் வேகத்திலும் அமுக்கிப் பார்க்கவேண்டும். ஒரு நொடி, அரை நொடி, கால் நொடி ஆகியவற்றின் வித்தியாசம் காதுக்கே கேட்கும். 1/1000 இல் மெல்லிய வெளிச்சம் ஒன்று மின்னி மறையவேண்டும். அது மின்னவேயில்லை என்றால் அந்த வேகத்தைத் தொடாமல் வேலை செய்யலாம்; கேமராவைத் தூக்கி எறியத் தேவையில்லை.

அடுத்து, கதவின் ஓரத்திலுள்ள கறுப்பு நுரைப் பட்டை. நம் ஊர் வெப்பத்தில் அது பிசுபிசுத்து உதிர்வது வழக்கம். விரலால் தொட்டால் தார்போல ஒட்டுகிறது என்றால், வெளிச்சம் கசியும் என்று பொருள். பழைய நுரையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டவேண்டும்.

மீட்டரின் (கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் கருவியின்) பேட்டரியைப் புதிதாக மாற்றிவிடவும். பென்டாக்ஸ் கே1000 இல் மீட்டரை அணைக்கத் தனிச் சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் அது ஓயும். மூடியைத் தொலைத்த மாணவர்களின் பேட்டரி அடிக்கடி தீர்ந்துபோவது இதனால்தான். இன்னும் பழைய சில கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் இன்றைய 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் இயங்கும், ஆனால் தவறாகச் சொல்லும். வேறொரு நல்ல கேமராவின் மீட்டரோடு ஒரே சுவரைப் பார்த்து ஒப்பிட்டு, வித்தியாசத்தை நோட்டில் எழுதிக்கொள்வது போதும்.

3. இருட்டில் ரீல் சுற்றப் பழகுதல்

படமே எடுக்காத நிலையில் இதைச் செய்யவேண்டும் என்பதைப் பலரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் இந்தக் கலையில் மாணவர் கண்ணீர்விடும் இடம் இதுதான்: எடுத்த படங்கள் உள்ளே இருக்கும் பிலிம், பாதி ரீலிலும் பாதி கையிலுமாகச் சிக்கி நிற்கும் இடம்.

ஒரு பழைய ரோலைப் பயிற்சிக்கென்று ஒதுக்கவும். முதலில் வெளிச்சத்தில், கண்ணால் பார்த்தபடி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு. அதன் பிறகே சேஞ்சிங் பேக்குக்குள். மூன்று முறை தொடர்ந்து சிக்காமல் சுற்றமுடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

பிலிமின் நாக்குப் பகுதியை நேராக வெட்டி, இரண்டு மூலைகளையும் கொஞ்சம் மழுக்கிவிட்டால் பிளாஸ்டிக் ரீலின் பள்ளத்தில் குத்தி நிற்காது. வெட்டு ஓட்டைகளுக்கு நடுவே விழவேண்டும். ஓட்டையின் குறுக்கே வெட்டினால் பிசிர் ஏற்பட்டு, அது ரீலின் சிறு எஃகுக் குண்டுகளில் மாட்டிக்கொள்ளும்.

இங்கே நமக்கே உரிய இடைஞ்சல் ஒன்று உண்டு. சேஞ்சிங் பேக்குக்குள் கை நுழைத்த ஐந்தாவது நிமிடத்தில் உள்ளங்கை வியர்க்கிறது. அந்த ஈரம் பைக்குள் நிற்கிறது. பிலிம் சற்றே உப்பி ரீலில் ஒட்டிக்கொள்கிறது. அப்போது வலுவாக முறுக்குபவர் பிலிமை மடக்கிவிடுகிறார்; மடங்கிய இடம் பிறைவடிவக் கறையாகப் படத்தில் பதிகிறது. இறுகினால் செய்யவேண்டியது வேறு: பிலிம், ரீல், நடுத்தண்டு எல்லாவற்றையும் டேங்குக்குள் போட்டு, மூடியைத் திருகி, கையை வெளியே எடுத்து, துடைத்து, பத்து நிமிடம் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்துவிட்டு மறுபடி தொடங்கலாம். மூடிய டேங்குக்குள் பிலிமுக்கு ஒன்றும் ஆகாது. அதிகாலையிலோ ஏசி அறையிலோ இந்த வேலையை வைத்துக்கொண்டால் இத்தனை பாடும் இல்லை. கைக்குப் பவுடர் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அது தூசியாகப் பிலிமில் படியும் என்பதால் தவிர்க்கவும்.

மேலும் இரண்டு சிறு விஷயங்கள். ஸ்மார்ட் வாட்சைக் கழற்றிவிட்டே பைக்குள் கை நுழைக்கவேண்டும். மணிக்கட்டைத் திருப்பியதும் அதன் திரை ஒளிர்ந்துவிடும். டேங்கின் நடுத்தண்டை ரீலுக்குள் செருக மறக்கக்கூடாது. வெளிச்சத்தை மறிப்பது மூடி மட்டுமல்ல, அந்தத் தண்டும் சேர்ந்துதான்.

4. கேமராவில் பிலிம் ஏற்றுதல்

ஃபிரிட்ஜில் வைத்திருந்த பிலிமை, டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது வெளியே வைக்கவேண்டும். உடனே திறந்தால் ஈரக் காற்றின் நீர்த்துளிகள் குளிர்ந்த பிலிமின்மேல் படிந்துவிடும்.

பிலிமை ஏற்றிக் கதவை மூடியபின், ரீவைண்ட் குமிழை மெல்லத் திருப்பித் தளர்வை இறுக்கவும். பிறகு லீவரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குமிழும் எதிர்ப்பக்கம் சுழல்கிறதா என்று பார்க்கவேண்டும். சுழலவில்லை என்றால் பிலிம் நகரவில்லை. எண் காட்டும் முள் மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும். 36 படங்கள் எடுத்துவிட்டதாக நம்பியிருந்தவருக்குக் கண்ணாடிபோலத் தெளிவான ரோல் கிடைப்பது இப்படித்தான். அடுத்து ஐஎஸ்ஓ குமிழை 400 இல் வைக்கவும். முந்தைய மாணவர் 100 இல் விட்டுப்போயிருக்கக்கூடும்.

5. சோதனை ரோல்

முதல் ரோலுக்குக் கலை நோக்கம் எதுவும் வேண்டாம். ஒரே சட்டகத்துக்குள் வெள்ளைச் சுவர், ஆழமான நிழல், ஒரு முகம் ஆகிய மூன்றும் இருக்கும்படி ஓரிடம் தேர்ந்து, நண்பர் ஒருவரை நிற்கவைக்கவும். மீட்டர் சொல்லும் அளவில் ஒன்று. ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் குறைத்து இரண்டு. ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் கூட்டி இரண்டு. இதே ஐந்தையும் நிழலான வராந்தாவில் மறுபடி எடுக்கவும். பின்பு லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு ஃபிரேம். அந்த வெற்று ஃபிரேம் பத்தாம் படியில் தேவைப்படும்.

எஞ்சியவற்றைக் கல்லூரி வளாகத்தில் இயல்பாக எடுத்துத் தீர்க்கலாம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எண், அபெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு), ஷட்டர் வேகம், எங்கே அளந்தது என்ற நான்கும் நோட்டில் ஏறவேண்டும். அன்றே எழுதாததை டெவலப் செய்த பிறகு நினைவிலிருந்து எழுதமுடியாது.

6. வெளிச்சத்தை அளத்தல்

கேமரா மீட்டருக்கு எதிரே இருப்பது என்னவென்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கும் அளவையே அது சொல்லும். வெள்ளை வேட்டியைக் காட்டினால் அழுக்கு வேட்டியாக்கும்; கறுப்பு எருமையைக் காட்டினால் சாம்பல் எருமையாக்கும். இதைச் சரிசெய்வது மாணவரின் வேலை.

நெகட்டிவ் பிலிமின் அடிப்படை விதி, நிழலுக்கு அளக்கவேண்டும் என்பது. நிழலில் போதிய ஒளி பதியாத பிலிமில், டெவலப்பரில் எவ்வளவு நேரம் வைத்தாலும் விவரம் வராது. அங்கே வெள்ளி மாற்றமடையவேயில்லை. வெளிச்சப் பகுதி கொஞ்சம் கூடிப்போனாலோ, பிரிண்டில் அதை மீட்க வழியுண்டு. ஆகவே விவரம் தெரியவேண்டிய மிகக் கரிய நிழலுக்கு அருகே சென்று, சட்டகம் முழுவதும் அதுவே நிரம்பும்படி அளந்து, கிடைத்த அளவிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து எடுக்கவேண்டும். ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த, கறுப்பு முதல் வெள்ளை வரை எண்ணிட்ட படிகளாகப் பிரிக்கும் ஸோன் முறையில், நிழலை மூன்றாம் ஸோனில் வைப்பது என்று சொல்லப்படுவது இதுவே. குறைக்காமல் விட்டால் நிழல் நிழலாக இராமல் சாம்பலாகிவிடும்.

மிக அடிக்கடி பிழையாவது, திண்ணை நிழலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைத் தெருவின் வெயிலோடு சேர்த்து எடுக்கும் படம். மீட்டர் தெருவைப் பார்த்து அளவு சொல்கிறது, முகம் கரிக்கட்டையாகிறது. தெருவைச் சட்டகத்திலிருந்து நீக்கி, முகத்துக்கு அருகில் அளந்துவிட்டு, பழைய இடத்துக்கு வந்து அதே அளவில் எடுப்பதுதான் வழி. அருகே போகமுடியாதபோது, அதே நிழல் விழும்படி தன் உள்ளங்கையை நீட்டி அதை அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டினால் ஏறத்தாழச் சரியாக வரும். உள்ளங்கை நடுச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிறியது.

முகத்தின் நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். முகத்தை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டு என்று பல கையேடுகள் சொல்கின்றன. அது வெளுத்த தோலுக்குச் சொல்லப்பட்ட விதி. மாநிற முகத்துக்கு மீட்டர் காட்டும் அளவே பொருந்தும். நன்கு கறுத்த முகத்துக்கும் பிலிமில் அதே அளவை வைத்துக்கொண்டு, பிரிண்டில் அதன் நிறத்துக்கு இறக்குவது பாதுகாப்பானது. கூட்டிக் கூட்டி எடுத்த முகங்கள் பிரிண்டில் சுண்ணாம்பு பூசியதுபோல நிற்பதைப் பார்த்தும் காரணம் தெரியாமல் விழிப்பவர்கள் உண்டு.

உச்சி வெயிலில் மீட்டர் பழுதானாலும் வேலை நிற்கவேண்டியதில்லை: 400 ஐஎஸ்ஓ பிலிமுக்கு எஃப் 16, 1/500. புஷ் செய்வது, அதாவது 400 ஐ 1600 என்று கணக்கிட்டு எடுப்பது, முதல் பருவத்துக்கு வேண்டாம். நிழல் விவரத்தை விலையாகக் கொடுத்துத்தான் அந்த வேகம் கிடைக்கிறது. அப்படி வந்த படத்தைக் 'கிரெயின் அழகு' (கிரெயின் என்பது படத்தில் தெரியும் வெள்ளித் துகள்) என்று வகுப்பில் விளக்குவது, பெரும்பாலும் குறைந்த ஒளியில் அளக்கத் தெரியாததை மறைக்கும் பேச்சாகவே இருக்கிறது.

7. டெவலப் செய்தல்

சூட்டைப் பற்றிய முடிவை முதலில் எடுக்கவேண்டும். பெரும்பாலான அட்டவணைகள் 20 டிகிரி செல்சியஸுக்கு நேரம் தருகின்றன. 31 டிகிரி அறையில் ஐஸ் வைத்து டெவலப்பரை 20 க்கு இறக்கினாலும், டேங்கில் இருக்கும் நேரத்துக்குள் அது ஏறத் தொடங்கிவிடும்; முடிவில் எந்தச் சூட்டில் டெவலப் ஆனது என்றே சொல்லமுடியாது. எனவே நம் அறைகளில் 24 டிகிரியை நிலையான அளவாக வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. அறைக்கும் அதற்கும் இடைவெளி குறைவு என்பதால், ஒரு பேசின் தண்ணீரில் டேங்கை நிறுத்தியே அதைக் காக்கமுடியும்.

எச்பி5 பிளஸ் பிலிமை 400 இல் எடுத்து, ஐடி-11 ஐச் சம அளவு தண்ணீர் கலந்து, அதாவது 1+1 ஆகப் பயன்படுத்தினால், 20 டிகிரியில் 13 நிமிடம். 24 டிகிரியில் ஏறத்தாழ 9 நிமிடம். கலக்காத டெவலப்பருக்கு 20 டிகிரியிலேயே ஏழரை நிமிடம்தான். சூடு கூடும்போது அது 5 நிமிடத்துக்கு நெருங்கிவிடும், அவ்வளவு குறுகிய நேரத்தில் டெவலப்பர் பிலிம் முழுவதும் சீராக வேலை செய்யாது. வெயில் ஊரில் 1+1 ஐத் தேர்வதற்குச் சிக்கனத்தைவிட இதுவே பெரிய காரணம். இப்படிக் கலந்ததை ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடவேண்டும்.

தொடங்கும் முன் மூன்று குடுவைகளையும் 1, 2, 3 என்று எழுதி வரிசையாக வைக்கவும். ஒரு ரோலுக்கு 300 மி.லி. போதும்: முதலாவதில் 150 மி.லி. ஐடி-11, 150 மி.லி. தண்ணீர், இரண்டாவதில் ஸ்டாப் பாத், மூன்றாவதில் 60 மி.லி. ரேபிட் ஃபிக்ஸரும் 240 மி.லி. தண்ணீரும். கழுவும் தண்ணீரும் இவற்றோடு ஒத்த சூட்டில் இருக்கவேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்கு வரும் தண்ணீர் கைசுடும். 24 டிகிரியிலிருந்து எடுத்த பிலிமை அதில் போட்டால் ஜெலட்டின் சுருங்கி வலைபோல வெடிக்கலாம். முந்தைய இரவே மண்பானையிலோ வாளியிலோ பிடித்து நிழலில் வைத்துவிடுவது எளிது. ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போடக்கூடாது, அது உருகிக் கலவையை நீர்த்துப்போகச் செய்யும். மூடிய புட்டிக்குள் ஐஸ் வைத்து, அந்தப் புட்டியைப் பேசினில் மிதக்கவிடவும்.

டெவலப்பரைத் தயங்காமல் ஒரே வீச்சில் ஊற்றி, கடிகாரத்தை ஓடவிட்டு, முதல் பத்து நொடியில் டேங்கை நான்கு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தவும். பிறகு டேங்கை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் பிலிமில் ஒட்டிய காற்றுக்குமிழ்கள் விலகும். விலகாதவை படத்தில் வட்டப் புள்ளிகளாக நிற்கும். அதன்பின் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நான்கு முறை. பதற்றத்தில் விடாமல் குலுக்குபவரின் படங்களில் கான்ட்ராஸ்ட் (கறுப்பு-வெள்ளை வேறுபாடு) கூடுவதோடு, ஓட்டைகளின் ஓரமாக வெளிறிய கோடுகளும் விழும். டேங்கை மேசையில் வைத்துவிட்டுக் கைப்பேசி பார்ப்பவருக்குப் பட்டை பட்டையாக வரும். எப்படிக் கவிழ்க்கிறோமோ அதே வேகத்தில் எல்லா ரோல்களையும் கவிழ்ப்பது முக்கியம்.

நேரம் முடிய 10 நொடி இருக்கும்போதே வெளியே ஊற்றத் தொடங்கவும். ஸ்டாப் பாத் அரை நிமிடம். ஃபிக்ஸரின் நேரத்தை ஊகிக்காமல் அளந்து அறியலாம்: வெட்டிப்போட்ட பிலிம் நாக்கை ஃபிக்ஸரில் போட்டு, பால் நிறம் முற்றிலும் தெளிய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து, அதன் இரு மடங்கு வைக்கவேண்டும். புது ஃபிக்ஸருக்கு ஆன நேரத்தைப்போல இரண்டு பங்கு ஆகும் நாளில் அந்த ஃபிக்ஸரின் காலம் முடிந்தது.

கழுவுவதற்குக் குழாயை அரைமணி நேரம் திறந்துவிடத் தேவையில்லை. தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி 20 முறை. ரேபிட் ஃபிக்ஸருக்கு இது போதும். கடைசி அலசல் மட்டும் டிஸ்டில்டு வாட்டரில். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் அதே தண்ணீர்தான்; பேட்டரி கடையில் கிடைக்கும். அதில் ஈரப்படுத்தும் கரைசலைச் சில துளி விட்டால் போர்வெல் தண்ணீரின் உப்புத் திட்டுகள் பிலிமில் நிற்காது.

8. உலர்த்துதல்

இது சிறிய வேலைதான். ஆனால் அவசரம் இங்கேதான் கெடுக்கிறது. மேலே ஒரு கிளிப், கீழே கனமாக ஒரு கிளிப், குளியலறை போன்ற ஆள்நடமாட்டமில்லாத இடம், மின்விசிறி அணைந்திருக்கவேண்டும். ஈரமான ஜெலட்டினில் ஒட்டிய தூசி பிறகு கழுவினாலும் போகாது. மழைக்காலத்தில் இரவு முழுவதும் தொங்கட்டும். காய்ந்ததும் ஆறு ஆறு ஃபிரேமாக வெட்டி, உறையிலிட்டு, ரோல் எண் எழுதி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்கவும். வெறும் பீரோவில் வைத்த நெகட்டிவுகளில் கடலோர ஊர்களில் பூஞ்சை பிடிப்பது நிச்சயம்.

9. நெகட்டிவைப் படித்தல்

நெகட்டிவ் ஒல்லியாக, அதாவது வெளிறி வந்தால், ஒளி குறைவா டெவலப் குறைவா என்ற கேள்விக்கு விடை பிலிமின் ஓரத்திலேயே இருக்கிறது. ஓரத்திலுள்ள ஃபிரேம் எண்களும் பிலிமின் பெயரும் தொழிற்சாலையிலேயே ஒளியூட்டப்பட்டவை. மாணவரின் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எனவே எழுத்து நன்கு கறுத்து, படம் மட்டும் வெளிறியிருந்தால், எடுக்கும்போது ஒளி குறைந்தது. எழுத்தும் படமும் சேர்ந்தே வெளிறியிருந்தால் டெவலப்பர் பழையது, அல்லது நேரமோ சூடோ குறைவு. எழுத்து தெளிவாக இருந்து படமே இல்லையென்றால், பிலிம் கேமராவில் நகரவில்லை. எழுத்தும் இல்லாமல் முழுவதும் தெளிந்திருந்தால், டெவலப்பருக்கு முன் ஃபிக்ஸர் உள்ளே போய்விட்டது. அல்லது டெவலப்பர் செத்துப்போயிருந்தது.

பால் போன்ற மூட்டம் இருந்தால் ஃபிக்ஸ் போதவில்லை. புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டுக் கழுவினால் சரியாகும். சோதனை ரோலின் ஐந்து ஃபிரேம் வரிசையைக் கண்ணாடி மேசையில் வைத்து, நிழலில் விவரம் முதன்முதலில் எதில் தெரிகிறது என்று தேடவும். மீட்டர் சொன்ன அளவிலேயே தெரிந்தால் கருவி சரி. ஒரு ஸ்டாப் கூட்டியதில்தான் தெரிகிறது என்றால், இனி அந்தக் கேமராவில் ஐஎஸ்ஓ குமிழை 200 இல் வைத்து எடுப்பதே நல்லது. இந்த முடிவு கைக்கு வந்த பிறகுதான் ஒரு தெருவையோ ஒரு சந்தையையோ தேர்ந்து, பயிற்சித் தொடருக்கான ரோல்களை எடுக்கப் போகவேண்டும்.

10. கான்டாக்ட் ஷீட்

ஒரு ரோலின் நெகட்டிவுகள் எல்லாவற்றையும் தாளின்மேல் நேரே வைத்து அதே அளவில் போடும் பிரிண்ட்தான் கான்டாக்ட் ஷீட். பலர் இதைத் தாண்டி நேராகப் பெரிய பிரிண்டுக்குப் போகிறார்கள். என் கணிப்பில் மாணவருக்கு ஆசிரியரைவிட அதிகம் கற்றுத்தருவது கான்டாக்ட் ஷீட்தான். ஆனால் அதை எல்லா ரோலுக்கும் ஒரே அளவில் போட்டால் மட்டுமே.

என்லார்ஜரின் (நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கி விழவைக்கும் கருவியின்) தலையை, 8×10 அங்குலத் தாளை வெளிச்சம் தாராளமாக மூடும் உயரத்தில் நிறுத்தி, அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளவும். எஃப் 8, இரண்டாம் எண் ஃபில்டர் (எண் கூடக் கூடப் பிரிண்டின் கான்ட்ராஸ்ட் கூடும்). தாளின் பளபளப்பான முகம் மேலே. அதன்மேல் நெகட்டிவின் மங்கிய முகம் கீழே. மேலே கனமான கண்ணாடி. மூன்று மூன்று நொடியாகக் கூட்டி ஒரு சோதனைப் பட்டை (பகுதி பகுதியாக வெவ்வேறு நேரம் ஒளி காட்டிய தாள்) போட்டு, லென்ஸ் மூடியோடு எடுத்த அந்த வெற்று ஃபிரேம் தாளின் முழுக் கறுப்பை முதன்முதலில் எட்டும் நேரம் எது என்று பார்க்கவும். அதுவே இனி உங்கள் நேரம். இந்த அளவில் போடும்போது, ஒளி குறைந்த படம் கறுத்தும் கூடிய படம் வெளுத்தும் தெரியும். ஒவ்வொரு ரோலுக்கும் நேரத்தை மாற்றி அழகுபடுத்தினால் பிழைகள் மறைந்துவிடும்.

இருட்டறையில் சாதாரண வண்ண எல்இடி பல்பைச் சேஃப்லைட்டாக (தாளைப் பாதிக்காத இருட்டறை விளக்காக) மாட்டியிருந்தால், அதைச் சோதிக்காமல் நம்பக்கூடாது. ஒரு தாளின்மேல் நாணயத்தை வைத்து ஐந்து நிமிடம் அந்த வெளிச்சத்தில் விட்டு டெவலப் செய்யவும். வட்டம் தெரிந்தால் பல்பு ஆகாது. கைப்பேசி வெளியே இருக்கட்டும்.

கல்லூரியின் இருட்டறை பூட்டிக்கிடந்தால், லைட் பாக்ஸின்மேல் நெகட்டிவ் தாளை வைத்து டிஜிட்டல் கேமராவால் எடுத்து நேர்ப்படமாக மாற்றலாம். அங்கும் விதி அதேதான்: எல்லா ரோல்களுக்கும் ஒரே மேனுவல் அளவு, ஆட்டோ திருத்தம் கிடையாது.

11. தேர்வும் பிரிண்டும்

ஷீட்டைப் போட்ட அன்றே படம் தேர்வு செய்யவேண்டாம். எடுத்த நேரத்தின் உற்சாகம் கண்ணை மறைக்கும். ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது, காகிதத்தில் இருப்பது மட்டும் தெரியும். சிவப்புப் பென்சிலால் மூன்றோ நான்கோ குறிக்கவும். குறிக்கும்போது பக்கத்து ஃபிரேம்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்: ஒரே காட்சியை எத்தனை முறை எடுத்திருக்கிறோம், எப்போது விலகி வந்தோம், முதல் ஃபிரேமிலேயே நின்றுவிட்டோமா. பெரும்பாலான மாணவர்கள் ஒன்றிரண்டு படத்தோடு நகர்ந்துவிடுவது ஷீட்டில் அப்பட்டமாகத் தெரியும். அடுத்த ரோலுக்கான வேலை அங்கிருந்துதான் கிடைக்கிறது.

குறித்தவற்றை 5×7 அளவில் ஆர்சி தாளில் (பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள்) சாதாரணப் பிரிண்டாகப் போட்டு, சுவரில் ஒட்டி, சக மாணவர்களைப் பேசவிடவும். எடுத்தவர் முதலில் வாய்திறக்கக் கூடாது என்ற ஒழுங்கு இருந்தால் நல்லது. நோக்கத்தை விளக்கிவிட்டால் மற்றவர்கள் படத்தைப் பார்க்காமல் விளக்கத்தையே பார்ப்பார்கள்.

பெரிய பிரிண்டுக்கு ஒரு வரிசை உண்டு. வெளிச்சப் பகுதியின் விவரத்தை நேரத்தால் முடிவு செய்யவேண்டும். அதன் பிறகு நிழலின் கறுப்பை ஃபில்டர் எண்ணால். சோதனைப் பட்டையை எங்கோ ஓர் ஓரத்தில் வைக்காமல், வேட்டி மடிப்போ நரைத்த தலையோ இருக்கும் இடத்தின் குறுக்கே வைக்கவும். சரியான நேரம் கிடைத்தபின் நிழல் சாம்பலாக இருந்தால் மூன்றாம் எண். அடைத்துக் கறுத்திருந்தால் ஒன்று. இரண்டையும் ஒரே தடவையில் மாற்றினால் தாள்தான் தீரும். பகுதி பகுதியாக மறைத்தும் (ஒளியைத் தடுத்தும்) எரித்தும் (கூடுதல் ஒளி கொடுத்தும்) திருத்துவது இதற்கெல்லாம் பிறகு.

டெவலப்பர் தட்டில் தாளை முழு 60 நொடி வைக்கவேண்டும். சிவப்பு வெளிச்சத்தில் கறுத்துவிட்டதுபோலத் தோன்றி 20 நொடியில் வெளியே இழுப்பவருக்குச் சேறுபோன்ற, கறுப்பில்லாத பிரிண்ட் கிடைக்கும்; உண்மையில் கறுத்தால் நேரத்தை என்லார்ஜரில் குறைக்கவேண்டும், தட்டில் அல்ல. ஸ்டாப் பாத் 10 நொடி, ஃபிக்ஸர் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஓடும் தண்ணீரில் இரண்டு நிமிடம். பிரிண்ட் எப்படி வந்திருக்கிறது என்று வெள்ளை வெளிச்சத்தில், அது காய்ந்த பிறகே முடிவு செய்யவும்.

12. கழிவும் பதிவும்

பயன்படுத்திய ஃபிக்ஸரில் பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது. அதைக் கழிவறையிலோ செடிக்கோ கொட்டாமல் தனிக் கேனில் சேர்த்து, கல்லூரியின் வேதியியல் துறை கழிவை அகற்றும் வழியில் சேர்ப்பிக்கவேண்டும். டெவலப்பரிலுள்ள மெட்டால் சிலருக்குக் கையில் அரிப்பையும் வெடிப்பையும் உண்டாக்கும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது எளிது என்பதால் கையுறையும் இடுக்கியும் தொடக்கத்திலிருந்தே பழக்கமாகட்டும். ஸ்டாப் பாத்துக்கு அடர் அமிலம் கலக்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்றவும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது.

முடிந்த பிரிண்டின் பின்புறத்தில் ரோல் எண், ஃபிரேம் எண், என்லார்ஜர் உயரம், அபெர்ச்சர், நொடி, ஃபில்டர் எண், எங்கே எவ்வளவு எரித்தது ஆகியவற்றை எழுதவும். ஆர்சி தாளில் சாதாரணப் பென்சில் சரியாகப் பிடிக்காது, மென்முனைப் பென்சில் பிடிக்கும். பந்துமுனைப் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும். பருவ இறுதிக் கண்காட்சிக்கு அதே படத்தை 11×14 இல் மறுபடி போடும் நாளில், சோதனைப் பட்டையை எங்கிருந்து தொடங்குவது என்று இந்தக் குறிப்பே சொல்லும். உயரம் மாறும்போது நொடி கூடும், ஆனால் ஃபில்டர் எண் பெரும்பாலும் அதேயாக இருக்கும்.